480 நாளுக்குள் யாரும் உண்மை பேசுவதில்லை

480 என்ற எண்ணை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களிடம் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். எச்.ஆர். ஆட்களுக்கு அது மனப்பாடம். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டருக்குப் பிழைப்பே அதில்தான். 1981இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். ஆனால் பல கம்பெனிகளில் அது ஆளை எப்போது வெளியே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் காலண்டராக ஆகிவிட்டது. 480ஐ நெருங்கும் முன்பே பையனுக்கு 'பிரேக்' கொடுப்பார்கள். சில வாரம் ஊரில் இருப்பான். அப்புறம் வேறொரு கான்ட்ராக்டர் பெயர் போட்ட புது ஐ.டி. கார்டோடு அதே கேட் வழியாக, சில சமயம் அதே மெஷினுக்கே வந்து நிற்பான். அல்லது வரவே மாட்டான். நடுவில் 'நீம்' என்று ஒரு பயிற்சித் திட்டம் இருந்தது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2013இல் கொண்டுவந்தது. பெயர் பயிற்சியாளர், செய்வதோ முழு ஷிஃப்ட் உற்பத்தி, பி.எஃப். கிடையாது. அதை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் அப்ரண்டீஸ், எஃப்.டி.இ. (குறிப்பிட்ட கால ஒப்பந்த வேலை) என்று வேறு பெயர்களில் அதே லைனில் நின்றார்கள்.

இந்த அநியாயத்தைப் பற்றி எழுதத் தொழிற்சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் சில வருடம் அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தவன். கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்து, வெல்டிங் செய்து, பாகம் பாகமாக அனுப்பும் கம்பெனி. பெயர் வேண்டாம், அதைப் போல நூறு இருக்கிறது. எந்தப் பாகம் எங்கே தப்பானது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் இந்த விஷயத்தை நான் பார்த்த கோணம் கொஞ்சம் விசித்திரமானது. வேலை நிச்சயமில்லை என்றால் தொழிலாளி பயப்படுகிறான், சுரண்டப்படுகிறான் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தன் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதே முதலாளிக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லோரும் நல்ல செய்தி மட்டும் சொல்லும் ஒரு தொழிற்சாலையை அவர் நடத்திக்கொண்டிருப்பார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்பாட் வெல்டிங் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு தகடுகளை இரு பக்கமும் செம்பு முனையால் அழுத்திப் பிடித்து, கரண்ட் பாய்ச்சி ஒட்ட வைப்பார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அடித்த பிறகு அந்த செம்பு முனை மழுங்கி அகலமாகிவிடும். கரண்ட் பரவிப் போகும், வெல்டு மேலே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அதனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை முனையைச் சீவி விட வேண்டும். அவ்வப்போது ஒரு பாகத்தை எடுத்து உளியை நுழைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் செக் ஷீட்டில் இருக்கும். ஆனால் செக் ஷீட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் ஆள் ஒருவர் இருக்கிறார். வெல்டிங் கன்னைப் பிடித்து நிற்கும் ஆபரேட்டர். பொறி தெறிக்கும் விதம் மாறும், சத்தம் மாறும். நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு மெஷினின் நலம் மருத்துவர் நாடி பிடித்ததுபோலத் தெரியும்.

ஒரு தடவை எங்கள் பாகங்கள் ஒரு பெரிய லாட் திரும்பி வந்தது. வந்தது என்றால் லாரியில் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கார் கம்பெனி தன் இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு, "உங்க ஆட்களை அனுப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுங்க, செலவு உங்களுடையது" என்று சொல்லும். இரவு பகலாக உட்கார்ந்து பிரித்தோம். அப்புறம் வழக்கம்போலக் காரணம் தேடும் மீட்டிங், ஐந்து தடவை 'ஏன்' கேட்கும் படிவம், மீன் எலும்பு வரைபடம், எல்லாம். அந்த மெஷினில் நின்ற பையன் வந்தவாசி பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட். மீட்டிங்குக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. டீ இடைவேளையில் நான் போய்க் கேட்டேன்.

"தெரியும் சார். போன வாரமே சத்தம் மாறிடுச்சு."

"ஏன்டா தம்பி சொல்லல?"

"சொன்னா லைன் நிக்கும் சார். லைன் நின்னா யார் நிறுத்தினதுன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் எனக்கு ரெனிவல் சார்."

அவன் சோம்பேறியோ பொறுப்பில்லாதவனோ இல்லை. கணக்கு தெரிந்தவன். வெல்டு பிடிக்காமல் போனால் நஷ்டம் கம்பெனிக்கு, அதுவும் எப்போதோ. லைன் நின்றால் நஷ்டம் அவனுக்கு, அதுவும் இன்றைக்கே. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நான் பர்மனன்ட் என்பதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

எங்கள் கம்பெனியில் 'சஜஷன் பாக்ஸ்' இருந்தது. கைசன், ஃபைவ் எஸ், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கு எல்லாம் ஜப்பானிலிருந்து இறக்குமதி. லைனுக்கு மேலே கயிறு தொங்கும். தப்பு தெரிந்தால் இழு, விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவார் என்று சுவரில் படத்தோடு எழுதியிருக்கும். யாரும் இழுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. டொயோட்டாவைப் பார்த்துக் கயிற்றைக் கட்டியவர்கள், அந்தக் கயிறு அங்கே எந்தச் சூழலில் வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 1949–50இல் டொயோட்டா கிட்டத்தட்ட திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்புக்கு எதிராகப் பெரிய வேலைநிறுத்தம். முடிவில் சுமார் 2,000 பேர் வெளியேறினார்கள். நிறுவனர் கிச்சிரோ டொயோடாவும் 1950இல் அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை விட்டு விலகினார். அதற்குப் பிறகுதான் அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் வேறு விதமான உடன்பாடு உருவானது: வேலைக்கு நாங்கள் பொறுப்பு, உற்பத்திக்கு நீங்கள் ஒத்துழையுங்கள். லைனை நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது அந்த ஏற்பாட்டுக்குள். நிறுத்தினால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் உள்ளவன் கையில் கயிற்றைக் கொடுத்தால் அது துணி காயப்போடக்கூட உதவாது. (டொயோட்டாவும் பின்னாளில் தற்காலிக ஆட்களை நிறையவே எடுத்தது, அது வேறு கதை.)

இதோடு நிறுத்தினால் முதலாளியை வில்லனாக்கியதுபோல ஆகிவிடும். எங்கள் முதலாளி வில்லன் இல்லை. அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறையில் ஆரம்பித்து வந்தவர். கோபம் வந்தால் கத்துவார், ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் தன் கையால் பொரியும் ஸ்வீட்டும் கொடுப்பார். அவரிடம் ஒருமுறை இந்த வெல்டிங் விஷயத்தைச் சொல்லி, கிரிட்டிக்கல் மெஷின்களிலாவது பர்மனன்ட் ஆட்களைப் போடலாமே என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எனக்கே நாலு மாசம் கழிச்சு ஆர்டர் இருக்குமான்னு தெரியாதுப்பா. நான் எந்த தைரியத்துல ஒருத்தனுக்கு முப்பது வருஷத்துக்கு வாக்கு கொடுக்கறது?"

சும்மா சொன்ன சாக்கு இல்லை. கார் கம்பெனியிடமிருந்து வரும் ஷெட்யூலில் இந்த மாதம் மட்டும்தான் உறுதி. அடுத்த மாதங்கள் 'உத்தேசம்'. உத்தேசத்தை நம்பித் தகடு வாங்கி வைத்து, ஆள் எடுத்து வைத்து, கடைசியில் பாதியாகக் குறைத்தால் கேட்க வழியில்லை. ஒப்பந்தத்தில் வருடா வருடம் விலை குறைக்கும் ஷரத்து இருக்கும். சரக்கு தாமதமாகி அவர்கள் லைன் நின்றால் நிமிடக் கணக்கில் டெபிட் நோட்டு வரும். சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கஸ்டமரிடம் போய் சட்டம் பேசினால் அடுத்த மாடலுக்குக் கொட்டேஷன் கேட்க மாட்டார்கள் என்று எல்லா வெண்டருக்கும் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் முதலாளியும் ஒரு கான்ட்ராக்ட் லேபர்தான். அந்த வந்தவாசிப் பையன் சூப்பர்வைசரிடம் எப்படி மறைத்தானோ, அப்படியேதான் இவர் கஸ்டமரிடம் மறைப்பார். தகடு அடிக்கும் அச்சான டை தேய்ந்திருக்கும், "எல்லாம் கண்டிஷன்ல இருக்கு சார்" என்பார். கெபாசிட்டி போதாது, "பண்ணிடலாம் சார்" என்பார். ஆடிட் வரும் நாளுக்கு முன் இரவு ரிக்கார்டு எழுதும் பழக்கம் எத்தனை கம்பெனிகளில் இருக்கிறது என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். பயம் மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. அதே படிகளில் உண்மை மேலே ஏறுவதில்லை. கொரியாவிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து டாஷ்போர்டு பார்ப்பவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும்.

இந்தப் படிகளின் நடுவில் மாட்டிக்கொண்டவர் சூப்பர்வைசர். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பாலிடெக்னிக் முடித்து, பத்து வருடம் தேய்ந்து அந்த இடத்துக்கு வந்திருப்பார். தன் கீழே உள்ள கான்ட்ராக்ட் பையன்களின் பெயரைக்கூட முழுசாகத் தெரிந்துவைத்திருக்க மாட்டார். ஆணவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழெட்டு மாதத்தில் போகப்போகிறவனின் பெயரைக் கற்றுக்கொண்டு என்ன செய்வது என்ற அலுப்பு அது. "ஏ நீலச் சட்டை" என்று கூப்பிடுவார்கள். சில கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு யூனிஃபார்ம் நிறமே வேறு. புதிதாக வந்தவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கவும் ஒரு அளவுக்கு மேல் மனசு வராது. கற்றுக்கொடுத்து முடிக்கும்போது பிரேக் வந்துவிடும். இதை ஒரு தலைமுறைக்குச் செய்தால் என்ன ஆகும் என்று இப்போது பார்க்கிறோம். திறமையான டை மேக்கர் கிடைக்கவில்லை, வெல்டர் கிடைக்கவில்லை என்று தொழில் அமைப்புகளின் ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்பல். எங்கிருந்து கிடைப்பார்கள்?

நம்பிக்கை இல்லாத இடத்தில் வதந்திக்கு எவ்வளவு சக்தி வருகிறது என்பதற்கு 2021 டிசம்பரைச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பொருத்தும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. யாரும் இறக்கவில்லை. அதிகாரிகள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் சொன்னதை நம்ப அந்தப் பெண்களுக்கு ஒரு காரணமும் இல்லை. தன்னை வேலைக்கு எடுத்தது ஏஜென்சி, தங்க வைத்தது இன்னொரு கான்ட்ராக்டர், சாப்பாடு போட்டது வேறு ஒருவர், வேலை வாங்கியது ஃபாக்ஸ்கான், ஃபோன் ஆப்பிளுடையது. இதில் "நம்ம கம்பெனி சொல்லுது, நம்பலாம்" என்று எதைச் சொல்வது? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை அதன்பின் பல வாரம் மூடிக் கிடந்தது. விடுதிகளையும் சாப்பாட்டுக் கூடங்களையும் ஆய்வு செய்து, தரம் இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி அந்தப் பெண்கள் அதற்கு முன்பு தங்களுக்குள் பேசாமலா இருந்திருப்பார்கள்? மேலே சொல்ல வழியிருந்தால், சொன்னவளுக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதி இருந்தால், ஒரு சமையல்காரரை மாற்றியதோடு போயிருக்கக்கூடிய விஷயம் அது. நெடுஞ்சாலை வரை போனது.

2023 மார்ச்சில் இன்னொன்று. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வந்தன. அரசும் போலீஸும் மறுத்தார்கள், பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஆனாலும் திருப்பூரிலும் கோவையிலும் ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். அதற்கு முன்பு வரை "வடக்கத்திப் பசங்க லீவு கேக்க மாட்டாங்க, பிரச்சினை பண்ண மாட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த முதலாளிகள் அந்த வாரம் ஸ்டேஷனுக்கே போய்க் கெஞ்சினார்கள். இந்தி தெரிந்த ஆளைப் பிடித்து சமாதானம் பேசினார்கள். பிரச்சினை பண்ணாதவன் என்றால் பிடிப்பு இல்லாதவன் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. ஒரு நொடியில் கிளம்பிவிட முடிகிற ஆள்தான் ஒரு நொடியில் அனுப்பிவிட முடிகிற ஆளும். முதலாளி எது வசதி என்று நினைத்தாரோ அதுவே அவருக்குத் தலைவலியாகத் திரும்பி வந்தது.

சரி, பர்மனன்ட் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது அங்கே வேலை என்பது அரசு வேலைக்கு ஒரு படி கீழே என்று வைத்துப் பேசினார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ப்ளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பிகள் படித்தார்கள், வீட்டுக்கு மேல்தளம் வந்தது. வரிப் பிரச்சினையில் ஆலை சிக்கிக்கொண்டது, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் ஃபோன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒன்பது வருடம்கூட முழுசாக ஓடாத சுருக்கமான வாழ்வு. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு நடுவில் நின்றது. இடைப்பட்ட மாதங்களில் தொழிலாளர்களும் நிர்வாகமும் பேசியது செட்டில்மென்ட் தொகை பற்றி மட்டுமே, வருடத்துக்கு எத்தனை நாள் சம்பளம் என்று. இருபது வருடத்து உறவு ஒரு பெருக்கல் கணக்காகச் சுருங்கிப்போனது.

எனக்குத் தெரிந்து அந்த இரண்டு மூடல்களும் பக்கத்துக் கம்பெனி ஆட்களைத்தான் அதிகம் மாற்றின. எங்கள் லைனில் இருந்த பர்மனன்ட் ஆட்கள் அதன்பிறகு ஓ.டி.யை விடாமல் பார்த்தார்கள், சைடில் ஆட்டோ வாங்கி விட்டார்கள், நிலம் பார்த்தார்கள். கம்பெனியில் புதிதாக ஒன்று கற்றுக்கொள்ளச் சொன்னால், "இதுல எனக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதான். முன்பு அது வாயில் வராது.

ஓ.எம்.ஆர். பக்கம் கதை வேறு உடையில் நடக்கிறது. என் அக்கா மகன் அங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் கே.டி. பற்றித் தெரியும். ஒருவர் செய்யும் வேலையின் நுணுக்கங்களை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது. சாதாரண விஷயம், நியாயமாகப் பார்த்தால் வருடம் முழுக்க நடக்க வேண்டியது. ஆனால் மேனேஜர் வந்து, "இவருக்கு கொஞ்சம் கே.டி. கொடுத்துடுங்க" என்று சொன்னால் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும் என்கிறான். தன் இடத்துக்கு ஆள் தயாராகிறான் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்களாம். அதனால் என்ன செய்கிறார்கள்? எழுதி வைப்பதில்லை. முக்கியமான ஒன்றிரண்டு விஷயங்களைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். "மாமா, எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றான். எங்கள் வெல்டிங் பையன் தெரிந்த ஒரு தவறைச் சொல்லவில்லை, இவர்கள் தெரிந்த வேலையையே சொல்லவில்லை. ஏ.சி. ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவுக்கு, அந்த நிதியாண்டில் குறைக்கப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடு, மேல்மட்ட ஆட்கள். டாடா கம்பெனி யாரையும் அனுப்பாது என்று பெண் கொடுத்த மாமனார்கள் எத்தனை பேர் அன்று இரவு தூங்காமல் இருந்தார்களோ. ஆறு லட்சம் பேரில் 12,000 என்பது சின்ன எண். ஆனால் பயம் சதவீதக் கணக்குப் போடாது. மீதி 98 சதவீதமும் அந்த மாதம் ரெஸ்யூமேவைத் தூசு தட்டியது.

இங்கேயும் மறுபக்கம் இருக்கிறது. ஆள் எடுக்கும் கம்பெனிக்கு, ஆஃபர் கொடுத்தவன் வந்து சேருவானா என்று தெரியாது. ஒரே சமயம் மூன்று ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டி இன்னொன்றில் ஏற்றி, சேர வேண்டிய திங்கட்கிழமை காலை ஃபோனை அணைத்துவிடுகிறார்கள். எச்.ஆர். ஆட்கள் "இந்தத் தலைமுறைக்கு நேர்மையே இல்லை" என்கிறார்கள். ஆனால் 2022இல் இன்ஃபோசிஸிடம் ஆஃபர் கடிதம் பெற்ற பட்டதாரிகளில் ஒரு பகுதியினரை இரண்டு வருடம் வரை காக்க வைத்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். தேர்வில் மூன்று வாய்ப்புக் கொடுத்தும் தேறவில்லை என்றது கம்பெனி. கம்பெனி சொன்னது விதிப்படி சரியாகவே இருக்கட்டும். இதையெல்லாம் ஃபோனில் படித்துக்கொண்டே வளரும் பையன் ஆஃபர் கடிதத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை. 90 நாள் நோட்டீஸ் பீரியடும் இந்தப் பயத்தின் குழந்தைதான். கிளம்புகிறேன் என்று சொன்னவனை மூன்று மாதம் உட்கார வைத்தால் அவன் அந்த மூன்று மாதமும் இன்னும் நல்ல ஆஃபர் தேடுவான். இருவருக்கும் தெரிந்தே நடக்கும் நாடகம்.

வாயே திறக்காத இடங்களில் சில சமயம் வெடிக்கவும் செய்யும். 2009இல் கோவையில் பிரிகால் என்ற வாகன உதிரிபாகக் கம்பெனியிலும் 2012இல் ஹரியானாவின் மானேசரில் மாருதி கார் ஆலையிலும் மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தார்கள். எந்தக் கோபமும் கொலையை நியாயமாக்காது. ஆனால் இரண்டு இடத்திலும் அது ஒரே நாளில் வந்த கோபம் இல்லை.

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். சம்பளமும் பேசினார்கள், ஆனால் மையக் கோரிக்கை சி.ஐ.டி.யு. சார்ந்த தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் நடந்தது. அப்போது முதலீடு ஓடிவிடும், வியட்நாமுக்குப் போய்விடும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. 37 நாள் வெளியே உட்கார முடிந்தவர்கள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்கள். கான்ட்ராக்ட் பையன் என்றால், இரண்டாம் நாளே ஏஜென்சியிலிருந்து ஒரு ஃபோன் வந்து ஆள் காணாமல் போயிருப்பான். அதாவது அந்த நிர்வாகத்திடம் சத்தமாக ஒன்றைச் சொல்லும் நிலையில் இருந்தவர்கள், வேலை ஓரளவு நிச்சயமானவர்கள் மட்டுமே. அவர்கள் சொன்னது நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் குவாலிட்டியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சத்தம் வருகிற மெஷினைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. சங்கம் என்றாலே பதறுகிற நிர்வாகங்கள், லட்சக்கணக்கில் செலவழித்து வெளியிலிருந்து ஆளைக் கூட்டி வந்து 'ஊழியர் மனநிலை ஆய்வு' நடத்துவதையும் பார்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்பார்கள், ஆனால் லிங்க் எம்ப்ளாயி நம்பரோடு வரும். எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 300 பேருக்குக் கீழே உள்ள தொழிற்சாலைகளை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ இனி அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த எல்லை 100 ஆக இருந்தது. ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்தான் வரும் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுப்பவரை நிரந்தரத் தொழிலாளிக்கு இணையாக நடத்த வேண்டும், ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்கிறது புதுச் சட்டம். நேரடியாகக் கம்பெனியின் ரோலில், கையில் தேதி போட்ட கடிதத்தோடு வேலை. நடுவில் கான்ட்ராக்டர் இல்லை. ஒழுங்காகச் செய்தால் இப்போது இருப்பதைவிட இது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. தோழர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் ஒழுங்கு என்பது ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற தேதி இருவருக்கும் தெரியும், புதுப்பிப்பார்களா இல்லையா என்பது கடைசி வாரம் வரை ஒருவருக்கு மட்டுமே தெரியும். அந்த வந்தவாசிப் பையன் வாயை மூடிக்கொண்டது அந்த இடைவெளியில்தான். என் பழைய சக ஊழியர் ஒருவர் இப்போது ஒரகடத்தில் ஒரு வெண்டர் கம்பெனியில் பிளான்ட் ஹெட். புதுப்பிப்பதா இல்லையா என்பதை மூன்று மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்றும், லைனை நிறுத்தியதைக் காரணமாகக் காட்டி யாரையும் அனுப்பக்கூடாது என்றும் அவர் எச்.ஆரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். முதல் சில மாதம் ரிஜெக்ஷன் கூடிவிட்டது என்று மேலிடத்தில் திட்டு வாங்கினாராம். முன்பும் அவ்வளவுதான் இருந்தது, இப்போதுதான் வெளியே சொல்கிறார்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். அவர்கள் எம்.டி. இன்னும் முழுசாக நம்பவில்லை.